தண்ணீர் குடிக்காதவள்

போன மாதம் பழைய வகுப்புத் தோழர்கள் நாமெல்லாம் ஏரிக்கரையில் கூடியபோது, உங்களில் ஒருத்தி என்னைக் காட்டிச் சொன்னாள்: "இவளைத் தெரியலையா? அஞ்சாம் வகுப்புல வருசம் பூரா கதவுக்கு வெளியே நின்னவ." எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அப்போது நீங்கள் எனக்கு வைத்த பெயர் 'வாசப்படி'. அதையும் யாரோ ஞாபகமாகச் சொன்னார்கள்.

வருடம் பூராவும் இல்லை. ஏழு வாரம். ஏன் நின்றேன் என்று டீச்சர் கேட்டபோதும் சொல்லவில்லை, நீங்கள் கேட்டபோதும் சொல்லவில்லை. அது என் விஷயமாக இருந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். ஏரிக்கரையிலிருந்து வீட்டுக்குத் திரும்பியதும் உரியவளுக்குப் போன் செய்து கேட்டேன். "எழுது புள்ள. இந்த வயசுல இனி என்ன வெக்கம்?" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

அவளை உங்களுக்கு நினைவிருக்கிறதா? மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் என் பக்கத்தில் உட்காருவாள். கணக்கில் நம் எல்லோரையும்விட வேகம். சிலேட்டைத் துடைக்கக் கோவை இலை கொண்டுவந்து கேட்டவர்களுக்கெல்லாம் கிள்ளிக் கொடுப்பாள். அவளுடைய அப்பா அம்மா இருவரும் எங்கள் எஸ்டேட்டில் கூலி வேலை. என் அப்பா அதே எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். எங்களுக்கு ஓடு போட்ட குவார்ட்டர்ஸ். அவர்களுக்கு, பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பாதையில், வரிசையாக எட்டு அறைகள் இருந்த லைன் வீட்டில் கடைசி அறை.

காப்பிப் பழம் பறிக்கும் காலம் அது. காலையில் பனி இறங்கினால் எதிரில் வருகிறவரின் முகம் தெரியாது, இருமல் சத்தத்தை வைத்துத்தான் ஆளைச் சொல்லுவோம். எங்கு திரும்பினாலும் காப்பித் தோல் புளித்த வாடை. சனிக்கிழமைகளில் பிள்ளைகளும் பழம் பொறுக்கப் போவார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மூட்டை ஏற்றிய டிராக்டரில் இறங்கி வந்தோம். நான் ரைட்டர் மகள் என்பதால் டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவள் பின்னால் டிரெய்லரில், மூட்டைகளின் மேல். வளைவில் ஒரு சக்கரம் மண்சரிவில் இறங்கியது. டிராக்டர் நின்றுவிட்டது. டிரெய்லர் சாய்ந்துவிட்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவள்மேல் நான்கு மூட்டைகள் கிடந்தன.

தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. இடுப்பிலும் அடி. சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து, இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். இரண்டு மாதம் பலகையில் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றார்கள். அவளுடைய அப்பா கதவுப் பலகை ஒன்றைச் செங்கல்மேல் வைத்துக் கட்டில் ஆக்கினார்.

அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பரிசு கொண்டுபோனார்கள். நம் டீச்சர் வகுப்பில் சொன்னதும் நீங்களும் கொடுத்தீர்கள். பிஸ்கட் பொட்டலங்கள், கோயிலில் இருந்து ஒரு மாதா படம், பிளாஸ்டிக் ரோஜாப்பூ. என் அம்மா புது ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று கொடுத்தனுப்பினாள். அது எங்கள் வீட்டிலேயே காய்ச்சல் வந்தால்தான் கிடைக்கும் பொருள்.

நான் என் பங்குக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் யோசித்தேன். பொங்கலுக்குத் துணி வேண்டாம் என்று அப்பாவிடம் அடம்பிடித்து, பஸ் ஸ்டாண்டுக் கடையில் சிவப்பு வார் வைத்த செருப்பு வாங்கவைத்தேன். அவள் ஒருநாளும் செருப்புப் போட்டதில்லை. எழுந்து நடக்கும்போது போட்டுக்கொள்வாள், அதை நினைத்தே சீக்கிரம் குணமாவாள் என்பது என் கணக்கு. கொண்டுபோய் அவள் பார்க்கும்படி கட்டில் ஓரத்தில் வைத்தேன். அவள் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பிடிக்கலையா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்குது. அக்கட்டால எடுத்து வெய்யி புள்ள."

நடக்க முடியாதவள் கண்முன் செருப்பை வைத்திருக்கிறேன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவள் நடக்கத் தொடங்கியபோது அந்தச் செருப்பு பத்தவும் இல்லை, பக்கத்து அறைப் பிள்ளை போட்டுத் தேய்த்தது.

அடுத்த வாரம் அம்மாவே அவளைப் பார்க்க வந்தாள். ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது, மூடியின்மேல் ஒட்டிய தாள்கூடக் கிழியவில்லை. கட்டிலுக்குக் கீழே சாணி மெழுகிய தரை ஓர் இடத்தில் மட்டும் ஊறிப்போய்க் குழியாக இருந்தது. திரும்பும் வழியில் அம்மா பொருமிக்கொண்டே வந்தாள்.

"குடுத்ததக் குடிச்சா என்னவாம்? கண்ணால பாத்திருக்கமாட்டாங்க, அதுக்கே இத்தன திமிரு. பக்கத்துல வெச்ச தண்ணியைக் கீழ கொட்டி, ஊட்டையும் பாழ் பண்ணி வெச்சிருக்கறா."

அவள் தாயாரும் இதையேதான் வேறு மாதிரி சொன்னாள். "என்னன்னே தெரியல சாமி. ஒருவாய் கூழு எறங்கமாட்டேங்குது. நொம்ப எளைச்சுப் போயிட்டா." பழம் பறிக்கும் காலத்தில் ஓர் ஆள் வேலைக்கு வராவிட்டால் அடுத்த நாள் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பார். அதனால் காலை ஏழு மணிக்குத் தாயும் தகப்பனும் கிளம்பிவிடுவார்கள். லைன் வீட்டில் எட்டு அறையும் காலியாகிவிடும். திரும்பி வர ஐந்து மணி. தலைமாட்டில் கூழும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போவார்கள்.

அவளுக்கு எது பிடிக்கும் என்று நான் விடாமல் யோசித்தேன். ரிப்பன், பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை, கதைப் புத்தகம். ஒவ்வொன்றையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள், ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் உதடு வெடித்து ரத்தம் துளிர்க்கும்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் வீட்டுக்குப் போகும் வழியில், அப்பாவுக்கு மாரமங்கலத்திலிருந்து வந்திருந்த ஆரஞ்சுப் பழங்களில் காலையிலேயே பையில் போட்டுவைத்த இரண்டோடு அவளிடம் போனேன். மத்தியானத்தில் நான் அங்கே போனது அதுவே முதல் முறை. கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு நுழைந்தேன். அவள் துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் நனைத்து, அதை உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துண்டை மறைத்தாள்.

"செம்புலதான் தண்ணி இருக்குதே, குடிக்கறது?"

துண்டைத் தலைக்கடியில் தள்ளினாள்.

ஆரஞ்சை உரித்து ஒரு சுளையை வாயருகே கொண்டுபோனேன். தலையை ஆட்டினாள். நான் விடவில்லை. "நீ ஏன் எதையும் திங்கமாட்டேங்கற? எங்கம்மா உன்னயத் திமிருங்கறாங்க. சொல்லு. சொல்லாம நான் போகமாட்டேன். மணியடிச்சாலும் போகமாட்டேன்."

தகரக் கூரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"குடிச்சா ஒண்ணுக்கு வருமில்ல."

எனக்கு உடனே புரியவில்லை. அவளே சொன்னாள். காலையில் போகுமுன் அம்மா தூக்கிப்பிடித்து, வெட்டிய எண்ணெய் டின்னை அடியில் வைப்பாள். அது ஓரத்தில் கிழித்துப் புண் ஆகிவிட்டது. மறுபடி சாயங்காலம்தான். வந்த புதிதில் ஒருநாள் தாங்கமுடியாமல் கட்டு நனைந்துவிட்டது. நாற்றம் எடுத்தது. மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டி வருமோ என்று அம்மா இரவெல்லாம் அழுதாளாம். அன்றிலிருந்து இவள் விடிந்ததும் வாயை மூடிக்கொள்கிறாள். குடிக்காதது தெரிந்தால் அம்மா வருத்தப்படுவாள் என்று தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுகிறாள்.

"ஆருகிட்டயும் சொல்லக்கூடாது புள்ள. பள்ளிக்கூடத்துல சொன்னீன்னா நான் செத்தே போயிருவேன். சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். அந்த ஆரஞ்சுச் சுளை என் கையிலேயே இருந்தது. அதை நானும் சாப்பிடவில்லை.

அன்று மத்தியான வகுப்பு எதுவும் காதில் விழவில்லை. பரிசு பரிசு என்று நாங்கள் கொண்டுபோய்க் கொட்டிய ஒவ்வொன்றும், அவள் வாயை இன்னும் இறுக்கி மூடவேண்டிய பொருளாக அல்லவா இருந்திருக்கிறது. அவளுக்கு என்ன வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அது எங்கே இருக்கிறது என்பதும் தெரியும்.

எஸ்டேட் மருந்துக் கூடத்தில், கம்பவுண்டரின் அலமாரிக்கு மேலே, வெள்ளைப் பீங்கான் பூசிய பெட்பேன் ஒன்று தூசி படிந்து கிடந்தது. தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் அது என்ன சமையல் பாத்திரம் என்று பார்த்து வியந்திருக்கிறேன். படுத்திருக்கும் நோயாளி ஒன்றுக்குப் போக அடியில் வைப்பது என்று அம்மா ஒருமுறை வெட்கப்பட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறாள். பள்ளி விட்டதும் நேராக அங்கே போனேன்.

"அது வேணுங்க."

கம்பவுண்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அது எஸ்டேட் சாமான் கண்ணு. மேனேஜர்கிட்டச் சீட்டு வாங்கிட்டு வரோணும். ஆருக்கு?"

அவள் பெயரைச் சொன்னால் சத்தியம் போயிற்று. சீட்டு வாங்கப் போனால் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடும். நான் யோசிக்கவே இல்லை.

"எங்கம்மாவுக்குங்க. இடுப்புப் புடிச்சுக்கிச்சு. எந்திரிக்க முடியல."

"அடடே, ரைட்டரம்மாவுக்கா? அத மொதல்லயே சொல்றதில்லையா?" மனிதர் ஸ்டூலில் ஏறி எடுத்து, அவரே துடைத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். சீட்டைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை. அதை அப்போது என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். அது அதிர்ஷ்டம் இல்லை என்று புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.

பாத்திரம் மட்டும் போதாது. அவளைத் தூக்க எனக்குப் பலம் கிடையாது. மாவுக்கட்டே ஒரு ஆள் கனம். குடோனில் மூட்டை கட்டும் தேங்காய்நார்க் கயிறு ஒரு சுருள் எடுத்துக்கொண்டு, மறுநாள் விடியலிலேயே அவள் அப்பாவிடம் போய், "கூரைக் கட்டையில கட்டி உடுங்க மாமா, அவ புடிச்சுக்கிட்டுக் கொஞ்சம் அசையட்டும்" என்றேன். அவர் எதுவும் கேட்காமல் கட்டினார், கை வலிக்காமலிருக்கப் பிடிக்கும் இடத்தில் துணியும் சுற்றினார்.

அன்று மத்தியானம் அவள் முதலில் மாட்டேன் என்றாள். "ரைட்டரூட்டுப் புள்ள நீ. இதெல்லாம் செய்யக்கூடாது. போ."

"நீ கயித்தப் புடி."

"போன்னா போயேன்."

"புடிக்கலைன்னா டீச்சர்கிட்டச் சொல்லிருவேன்."

முறைத்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைப் பிடித்து உடம்பை ஒரு சாண் உயர்த்தினாள். நான் பாத்திரத்தை அடியில் தள்ளினேன். முதல் தடவை கோணலாகப் போய்விட்டது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. நான் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் கூப்பிடும்வரை படியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு கொண்டுபோய்க் காப்பிச் செடிகளுக்குப் பின்னால் குழியில் ஊற்றி, மண் போட்டு மூடி, குழாயில் கழுவிக் கொண்டுவந்து வைத்தேன். அருவருப்பாக இல்லையா என்று கேட்பீர்கள். முதல் நாள் இருந்தது. அவள் ஒரு செம்புத் தண்ணீரைக் கழுத்து நரம்பு ஏறி இறங்க மடமடவென்று குடித்ததைப் பார்த்தபிறகு இல்லை.

எங்கள் வீடு பள்ளிக்கூடத்திலிருந்து கால்மணி நடை. இதை முடித்து, வீட்டுக்கு ஓடி, நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுத் திரும்பினால் மணி அடித்து அடங்கியிருக்கும். டீச்சர் வெளியே நிற்கச் சொன்னார். நின்றேன். மறுநாளும் நின்றேன். காரணம் கேட்டு உள்ளங்கையில் அடித்தார். சொல்லவில்லை. உங்களுக்கு என் முதுகு தெரிந்திருக்கும். எனக்கு அங்கிருந்து எதிர்ச் சரிவும் அதில் பனி கலைவதும் நன்றாகத் தெரியும்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எஸ்டேட் குவார்ட்டர்ஸ் பெண்கள் மூன்று பேர், அவித்த முட்டையும் பழமுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். கோடாலியோடு நிமிர்ந்தவளைப் பார்த்து அவர்கள் திகைத்துப்போனார்கள்.

"ஏனுங்க, எந்திரிச்சு நடமாடறீங்களா? படுத்த படுக்கையா இருக்கறீங்கன்னு சொன்னாங்க?"

"எனக்கு என்னங்க கேடு?"

"கம்பவுண்டருதானுங்க சொன்னாரு. புள்ள வந்து பெட்பேன் வாங்கிட்டுப் போச்சுதாம்."

அவர்கள் போனபிறகு நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா கரண்டிக் காம்பால் கணுக்காலில் போட்டாள். "ஆருக்குக் கொண்டுபோய்க் குடுத்த? சொல்லு." நான் சொல்லவில்லை. அப்பா வந்து கெஞ்சிக் கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை. சத்தியம் செய்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். கால் வீங்கியது. சரி, நாளைக்கு மெதுவாக நடந்தால் போகிறது, அதற்காகப் போகாமல் இருக்கமுடியாது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அம்மா என்னைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. கட்டிலில் இருந்தவள் கயிற்றைப் பிடித்துத் தொங்க, நான் குனிந்து தள்ளிக்கொண்டிருந்தபோது வாசலில் வெளிச்சம் மறைந்தது. திரும்பினேன். அம்மா நின்றாள். என் சிநேகிதி கயிற்றை விட்டுவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அம்மா எங்களைப் பார்த்தாள். தரையில் இருந்த அந்த ஊறல் குழியைப் பார்த்தாள், அது அப்போது காய்ந்து வெடித்திருந்தது. மூடி திறந்து பாதி காலியான ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

வேலையை முடித்துவிட்டு, இன்று தோல் உரியப்போகிறது என்ற தீர்மானத்தோடுதான் வீட்டுக்குப் போனேன். முன்வாசல் சாத்தியிருந்தது. கொல்லைப்புறமாக வந்தேன். துவைக்கும் கல்லின்மேல் ஒரு பெரிய அண்டாவில் வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மாற்றுப் பாவாடை.

உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது. "தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வா. அந்தத் துணியோட அடுப்பங்கரைப் பக்கம் வரக்கூடாது."

அவ்வளவுதான். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அந்த வெந்நீர் இருந்தது. அந்தக் குளிரில் விறகு பிளந்து, நான் வரும் நேரம் பார்த்துக் காயவைக்கவேண்டும். குளித்துவிட்டுப் போனதால் வகுப்புக்கு இன்னும் தாமதமானேன், அது வேறு விஷயம். அம்மாவை எப்படிப் புரிந்துகொள்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவள் அந்த லைன் வீட்டுக்குள் மறுபடி கால் வைக்கவில்லை. ரைட்டர் வீட்டுப் பிள்ளை செய்யும் வேலையா என்பது அவள் மனதைவிட்டுப் போகவும் இல்லை. ஆனால் ஒருநாள் சூடு பண்ணிய தேங்காயெண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றி என் கையில் கொடுத்து, எங்கோ பார்த்தபடி சொன்னாள்: "முதுகுல பூசி உடு. படுத்தே கெடந்தா புண்ணு வந்துரும்."

கம்பவுண்டர் பெட்பேனைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பியபோது, "எனக்கு இன்னும் இடுப்பு வலி தீரலைன்னு சொல்லு" என்று சொல்லியனுப்பியவளும் அவள்தான்.

கட்டு பிரித்த பிறகும் என் சிநேகிதி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. கால் தேறுவதற்குள் பரீட்சை முடிந்துவிட்டது. அடுத்த வருடம் பழம் பறிக்கப் போய்விட்டாள். நம் வாட்ஸ்அப் குழுவில் அவள் எண் இல்லாததற்கும் போன மாதம் அவளை யாரும் கூப்பிடாததற்கும் அதுதான் காரணம். செம்மநத்தத்தில் கட்டிக்கொடுத்தார்கள். இடது காலை லேசாக இழுத்து நடப்பாள். இப்போது சொந்தமாக மிளகுக்கொடி போட்டிருக்கிறாள், பேத்திக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள்.

அவள் நடந்த முதல் நாளைச் சொல்லி முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, லைன் வீட்டில் எல்லோரும் இருந்த நேரம். கால் கில்லி விளையாடும் குச்சி மாதிரி மெலிந்திருந்தது. தன் அப்பா வெட்டிக் கொடுத்த சவுக்குக் கம்பை ஊன்றி எழுந்தாள். நடை பழக எல்லோரும் முன்வாசலுக்குக் கையைப் பிடித்து அழைத்தார்கள். அவள் பின்கதவைப் பார்த்துத் திரும்பினாள்.

"காப்பிச் செடிக்குப் பின்னால போறேன். ஆரும் வரக்கூடாது."

"உழுந்துருவ கண்ணு, நான் புடிச்சுக்கறேன்" என்று தாயார் ஓடினாள்.

"உழுந்தா எந்திரிச்சுக்கறேன். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

அந்தக் குரலுக்கு மறுபேச்சு இல்லை. லைன் வீட்டுச் சனம் மொத்தமும், பெரியவர்கள் குழந்தைகள் எல்லோரும், காப்பிச் செடிகளுக்கு முதுகைக் காட்டி மலையைப் பார்த்து நின்றோம். கம்பு ஊன்றும் சத்தம் தள்ளிப் போனது. நின்றது. நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. தாயாருக்குப் பொறுக்கவில்லை.

"ஆச்சா சாமி?"

"இன்னும் இல்ல. பேசாம இருங்க!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தோம், திரும்பாமலே. தாயார் மட்டும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

திரும்பி வந்தபோது முகமெல்லாம் வேர்வை. கைத்தாங்கலாகப் பிடிக்க வந்தவர்களைக் கம்பை நீட்டித் தள்ளி நிற்கவைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். மூச்சு வாங்கியது.

"நாளைக்கு மத்தியானம் நீ வராத புள்ள," என்றாள். "ஊட்டுக்குப் போயி, உக்காந்து சோறு தின்னு."